'விண்டோ' என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது?

ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து. அதில் 'விந்தௌகா' என்றால் 'காற்றுக்கண்'. 'விந்த்ர்' காற்று, 'அவுகா' கண்.

கண்ணாடி அரிதாக இருந்த காலத்தில் சன்னல் என்பது வெறும் திறப்புதான். காற்று உள்ளே வரும், அடுப்புப் புகை வெளியே போகும். அதனால் அந்தப் பெயர் அப்படியே பொருந்துகிறது. 9ஆம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வேக்காரர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியபோது அவர்களுடைய பேச்சும் கூடவே வந்தது. ஆங்கிலேயர்களிடம் 'கண்துளை' என்ற பொருளில் சொந்தச் சொல் இருந்தும், 13ஆம் நூற்றாண்டில் 'விண்டோ' ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டது. அப்புறம் பழைய சொல் வழக்கொழிந்தது. போர்த்துகீசியரின் 'ஜனெலா' நம் வீட்டில் 'சன்னல்' ஆகி, 'சாளரம்' புத்தகத்தோடு நின்றுவிட்டதே, அதே கதைதான்.

எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை, சிலப்பதிகாரத்தில் வரும் 'மான்கண் காலதர்'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மான்கண் போன்ற வடிவம் கொண்ட சன்னல். இங்கேயும் காற்று, கண் இரண்டும் உண்டு!

இதை வைத்து 'விண்டோ' தமிழிலிருந்து போனது என்று சிலர் நினைக்கலாம்; அப்படியல்ல, இரண்டு மக்களும் தனித்தனியாக ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.