வரலாறு படித்தவருக்கு ஆசிரியர் வேலை மட்டும்தானா?

கேள்வி: வரலாற்றில் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன். இரண்டு மொழிகளில் நன்றாக எழுதுவேன். ஆசிரியர் வேலையையும் போட்டித் தேர்வையும் விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்கிறார்களே, அப்படித்தானா?

பதில்: வேலை விளம்பரங்களில் ‘வரலாறு’ என்று தேடினால் அப்படித்தான் தோன்றும். கலைப் பாடங்களில் நீங்கள் பழகிய வேலைக்கு வெளியுலகில் வேறு பெயர்கள். மொழிபெயர்ப்பாளர், சப்டைட்டிலர், டெக்னிக்கல் ரைட்டர் (பயனர் கையேடு எழுதுபவர்), யூசர் ரிசர்ச்சர், பதிப்பாசிரியர், ஆவணக் காப்பாளர் என்று தேடிப் பாருங்கள்.

இரண்டு மொழி கைவசம் இருப்பதால் மொழிபெயர்ப்பு உங்களுக்குப் பக்கத்து வாசல். மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐ.எஸ்.ஓ. 17100 என்ற சர்வதேசத் தரநிலை (2015) மொழிபெயர்ப்பாளரிடம் மூன்று தகுதிகளில் ஏதேனும் ஒன்றைக் கேட்கிறது: மொழிபெயர்ப்புத் துறைப் பட்டம், வேறு துறைப் பட்டத்துடன் 2 ஆண்டு முழுநேர அனுபவம், அல்லது 5 ஆண்டு முழுநேர அனுபவம். உங்கள் வரலாற்றுப் பட்டம் மூன்று ஆண்டுகளை மிச்சப்படுத்துகிறது, பாருங்கள். பலர் சறுக்குவது விண்ணப்பத்தோடு அனுப்பும் மாதிரிப் படைப்பில்தான். கவிதையை மொழிபெயர்த்து அனுப்புவார்கள். நிறுவனத்துக்கு வருவதோ ஒப்பந்தமும் மருந்துக் குறிப்பும். அந்த வகையில் 300 சொல் அளவில் இரண்டு மாதிரிகள், கூடவே 15 கலைச்சொற்களின் பட்டியல் போதும். அனுப்புமுன் இன்னொருவர் மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அதே தரநிலை இதையும் கட்டாயமாக்கியிருக்கிறது.

சப்டைட்டில் எழுதுவது மொழிபெயர்ப்பின் கிளை என்றாலும் கணக்கு வேறு. ஒரு நேரத்தில் இரண்டே வரிகள். ஆங்கிலம் போன்ற லத்தீன் எழுத்து மொழிகளில் வரிக்குச் சுமார் 42 எழுத்துகள். திரையில் அதிகபட்சம் ஏறத்தாழ 7 நொடி. பேசும் வேகத்துக்குப் படிக்க முடியாது. எல்லாவற்றையும் எழுத ஆசைப்படுபவர் இங்கே தேறமாட்டார்.

டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்குக் கட்டுரைப் பழக்கமே முதல் தடை. பயனர் கையேட்டில் ஒரு படிக்கு ஒரு செயல்தான். ‘விளக்கு சிவப்பாக எரிந்தால்’ என்ற நிபந்தனை முன்னால் வர வேண்டும், ‘பொத்தானை அழுத்தவும்’ பின்னால். எச்சரிக்கையைச் செயலுக்குப் பின் வைத்தால் படிப்பவர் அதற்குள் அழுத்தியிருப்பார். குழப்பமான கையேடு ஒன்றில் இரண்டு பக்கத்தைத் திருத்தி, பழையதையும் புதியதையும் பக்கம்பக்கமாக வைத்துக் காட்டுங்கள்.

ஆவணக் காப்பகம் உங்கள் பாடத்துக்கு மிக நெருக்கம். ஆனால் பெரும்பாலும் அதற்கென்று மேற்படிப்பு கேட்பார்கள். உடனடி வருமானம் வேண்டுமென்றால் இதை நம்பி இருக்க வேண்டாம்.

யூசர் ரிசர்ச் என்பது ஒரு பொருளைப் பயன்படுத்துபவரிடம் பேசிக் குறைகளைக் கண்டறிவது. ‘இதைப் பயன்படுத்துவீர்களா?’ என்று கேட்டால் மரியாதைக்கு ‘ஆம்’ என்பார்கள். ‘கடைசியாக இதை எப்போது, எப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்க வேண்டும். சாட்சியத்தைச் சந்தேகிக்கப் பழகிய வரலாற்று மாணவருக்கு இது புதிதல்ல.

ஆய்வேட்டுத் தலைப்பை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், நேர்காணல் வழியாகச் செய்யும் ஒன்றை எடுங்கள். ஐந்தாறு பேர் போதும். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு மணி நேரமாவது பிடிக்கும். கேள்விப் பட்டியல், ஒப்புதல் படிவம், எழுத்துப்படி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். யூசர் ரிசர்ச் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, பேசியவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, அவற்றையே மாதிரியாக இணைக்கலாம்.