முதலில் அவரைப் பேச விடுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய். சிறு வயதில் அனுபவித்த வன்முறைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று ஓர் ஆய்வாளர் எழுதியதைப் படித்தேன். தாத்தா அப்பாவைப் பெல்ட்டால் அடிப்பாராம், அத்தை சொன்னார். அப்பா அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. பேரப்பிள்ளைகள் வந்தாலும் முகத்தில் சலனமில்லை, எல்லாவற்றையும் உள்ளே பூட்டி வைத்திருக்கிறார். டாக்டரிடம் போனாலும் அவர் குரல் எழும்பாததால் நானே பதில் சொல்லிவிடுகிறேன். மனதில் இருப்பதைக் கொட்டினால் நோய் குறையுமா? அவரை எப்படிப் பேச வைப்பது?

பதில்: கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘நானே பதில் சொல்லிவிடுகிறேன்.’ அறுபது வருடத்துக்கு முன் நடந்ததை அவர் வாயால் கேட்க ஆசைப்படும் நீங்கள், நேற்று ராத்திரி தூங்கினாரா என்பதைக்கூட அவரைச் சொல்ல விடுவதில்லை. அப்புறம் வாய் திறப்பதில்லை என்று குறைப்படுகிறீர்கள்.

ஆய்வு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 1998-இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா ஆகிய மருத்துவர்களின் குழு வெளியிட்ட பெரிய ஆய்வு, சிறு வயதுத் துன்பங்கள் பிற்காலத்து இதய நோய், மனச்சோர்வு போன்றவற்றோடு சேர்ந்து வருவதைக் காட்டியது. அதே கேள்விகளை இப்போது பார்க்கின்சன் நோயாளிகளிடமும் கேட்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் சேர்ந்து வருவதாலேயே ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகிவிடாது. இந்த நோயில், உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிந்துபோகின்றன. அழுது தீர்த்தால் அவை திரும்ப முளைக்காது.

முகத்தில் சலனமில்லை என்கிறீர்களே, அது பூட்டி வைத்த மனசு இல்லை. முகத் தசைகள் இறுகிவிடுவதும் இந்த நோயின் வேலைதான். உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும் மனிதரின் முகம்கூட வெளியே மரமாகத் தெரியும். குரலும் அப்படித்தான் சன்னமாகிறது. கொடுமை என்னவென்றால், தான் சரியான அளவில் பேசுவதாகவே அவருக்குத் தோன்றும். ‘சத்தமா பேசுங்கப்பா’ என்று நீங்கள் சொன்னால், நாம் கத்துகிறோமே என்று கூசுவார். இதற்கென்றே பேச்சுப் பயிற்சி இருக்கிறது. ஆறு வருடத்தில் யாராவது ஏற்பாடு செய்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பதில் வர நேரமாகும், அதுவும் நோய்தான். நீங்கள் மூன்று விநாடி பொறுக்கிறீர்கள், அவருக்குப் பத்து விநாடி வேண்டியிருக்கிறது. மிச்ச ஏழு விநாடிக்குள் நீங்கள் புகுந்துவிடுகிறீர்கள். இப்படியே வருடக்கணக்கில் நடந்தால் எந்த மனிதருக்கும் பேசத் தோன்றாது.

2020-இல் இந்து சுப்பிரமணியன், லாரி மிஷ்லி உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில், தனிமையில் இருப்பதாகச் சொன்ன பார்க்கின்சன் நோயாளிகள் தங்கள் அறிகுறிகளும் கடுமையாக இருப்பதாகச் சொன்னார்கள். இதுவும் காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு இல்லை. ஆனாலும் உங்கள் தாத்தாவின் பெல்ட்டை இனி உங்களால் பிடுங்க முடியாது, அப்பாவின் தனிமையில் கொஞ்சத்தையாவது குறைக்க முடியும். ஆறு பேர் இருக்கும் வீட்டிலும் தனிமை உண்டு.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன், கோபப்பட்டாலும் பரவாயில்லை. பெற்றவர்களின் பழைய காயத்தைத் தோண்டும் உரிமை பிள்ளைகளுக்கு இல்லை. தன் அப்பா தன்னை அடித்ததை மகளிடம் சொல்லாமலிருப்பது உங்கள் அப்பா எடுத்த முடிவு. ஒருவேளை தாத்தாவின் மானத்தைக் காப்பாற்றுகிறார், ஒருவேளை உங்களை. அத்தை சொன்னதை அத்தையோடு வையுங்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள், குறுக்கே ஆறுதல் சொல்லாதீர்கள். கெட்ட கனவு, பயம், எதிலும் பிடிப்பின்மை இருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வும் பதற்றமும் இந்த நோயோடு அடிக்கடி வருபவை, அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

வற்புறுத்தினால் என்ன ஆகும் தெரியுமா? பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னால் போதும், மடியில் சும்மா கிடந்த கை ஆட ஆரம்பித்துவிடும். நடுக்கத்தை வரவழைத்துப் பார்க்க மருத்துவர்கள் செய்யும் சோதனை இது. வெறும் கணக்குக்கே இப்படி என்றால், உட்கார வைத்து ‘தாத்தா உங்களை அடித்தாராமே’ என்று கேட்டால்?

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, மாத்திரை நேரம், கீழே விழுந்தது, மலச்சிக்கல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். மருத்துவர் கேள்வி கேட்டு உங்கள் பக்கம் திரும்பினால், நீங்கள் அப்பாவைப் பாருங்கள். அவர் தப்பாகவே சொன்னாலும் நடுவில் திருத்தாதீர்கள்.