ஆறு கறியும் இரண்டு நோட்டும்

கேள்வி: பதினெட்டு வருஷமாக எங்கள் வீட்டில் நான்தான் சமையல். தீயல், புளிசேரி, அவியல், பயறு துவரன், சாளை மீன் கறி, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மயக்கியது என்று இந்த ஆறுதான் சுற்றிச் சுற்றி வரும். செய்து பார்க்க ஆசைப்பட்டு வீடியோக்களிலிருந்து எழுதி வைத்த புதுச் சமையல்கள் இரண்டு நோட்டு நிறைய இருக்கின்றன. போன மாதம் துணிந்து பனீர் பட்டர் மசாலா செய்தேன். "ஓட்டல் மாதிரி இல்லம்மா" என்று பிள்ளைகள் பாதியில் எழுந்துவிட்டார்கள். "தெரிஞ்சத விட்டுட்டு இது எதுக்கு?" என்றார் மாமியார். எனக்குச் சமையல் வராதா? நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா?
(வாசகி ஒருவர், மார்த்தாண்டம்)

பதில்: போடாதீர்கள். 'எனக்குச் சமையல் வராதா' என்று இனி யாரிடமும் கேட்கவும் செய்யாதீர்கள். பதினெட்டு வருஷம் தீயல் வைத்த கை கேட்கிற கேள்வியா இது?

தீயலையே எடுத்துக்கொள்வோம். துருவிய தேங்காயை இருப்புச்சட்டியில் போட்டு, சின்ன உள்ளி, கொத்தமல்லி, மிளகாய் வத்தல், நல்லமிளகு, கறிவேப்பிலை சேர்த்து, சிறு தீயில் கை நிற்காமல் கிளறுகிறீர்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். தேங்காயின் ஈரம்தான் போய்க்கொண்டிருக்கும். ஈரம் போன பிறகு நிறம் ஓட ஆரம்பிக்கும். பொன்னிறம், தவிட்டு நிறம், காப்பிக்கொட்டை நிறம். அங்கிருந்து கரிக்குப் போக ஒரு நிமிஷம்கூட வேண்டாம். அடுப்பை அணைத்தாலும் சட்டியின் சூடு வறுத்துக்கொண்டேதான் இருக்கும் என்பதால் உடனே தட்டில் கொட்டிப் பரத்துகிறீர்கள். இதை உங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மூக்கு சொல்கிறது, கை நிறுத்துகிறது. நானும் வறுத்திருக்கிறேன். மூன்று தடவை கசந்து போய், நான்காவது தடவைதான் வாயில் வைக்க முடிந்தது. மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரை சாலையோரம் எத்தனையோ ஓட்டல்கள் இருக்கின்றன. மத்தியானச் சாப்பாட்டில் நல்ல தீயல் ஊற்றுகிற இடம் அதில் எத்தனை? ஒரு குழம்பின் அரைப்புக்காக அரை மணி நேரம் ஒருவரைச் சட்டியை விட்டு நகராமல் நிறுத்திவைக்க ஓட்டலுக்குக் கட்டாது. வீட்டுக்கு மட்டும்தான் கட்டுகிறது, நீங்கள் கூலி கேட்காததால்.

மரச்சீனியும் அப்படித்தான். தோலுரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறீர்கள். அந்தக் கிழங்கிலிருந்து சயனைடு உண்டாகும். கசப்புக் கிழங்கில் அது அதிகம். சின்னத் துண்டுகளும் கொட்டுகிற தண்ணீரும்தான் அதைக் குறைக்கின்றன. மாமியார் செய்ததைப் பார்த்துச் செய்கிறோம் என்று நீங்கள் சொல்லலாம். பார்த்துப் படித்தாலும் படிப்பு படிப்புதான்.

இனி பனீர். ஓட்டலில் முந்திரியும் தக்காளியும் சேர்ந்த குழம்பைக் காலையிலேயே பெரிய பாத்திரத்தில் காய்ச்சி வைத்துவிடுவார்கள். ஆர்டர் வந்ததும் வெண்ணெயும் கிரீமும் கஸ்தூரி மேத்தியும் விழும். அந்த வெண்ணெயின் அளவை நேரில் பார்த்தால் உங்கள் கை நடுங்கும். நீங்கள் ஒரு ஸ்பூன் போட்டிருப்பீர்கள், பிள்ளைகளின் உடம்பை நினைத்து. அந்த அக்கறையைத்தான் அவர்கள் 'ஓட்டல் மாதிரி இல்லை' என்றார்கள். வீடியோவும் உங்களை ஏமாற்றியிருக்கிறது. வெங்காயம் நன்றாகச் சிவக்க அரை மணி நேரம் வேண்டும், திரையில் அது பத்து விநாடியில் சிவந்துவிடுகிறது. அதை நம்பி அடுப்பைக் கூட்டினால் ஓரம் கருகி உள்ளே பச்சை வாடை நிற்கும். பனீர் ரப்பராகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகியிருந்தால், வதக்குவதை விட்டுவிட்டு வெந்நீரில் ஊறப்போட்டுக் கடைசியில் சேருங்கள்.

மாமியாருக்கு ஒரு வார்த்தை, மரியாதையோடுதான். அம்மா, நீங்கள் பழையது என்று நினைக்கிற மரச்சீனி தென்னமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிடச் சொல்லி ஊக்குவித்தார். 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அரிசி வரத்து நின்றபோது இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் வயிற்றைக் காத்ததும் அதுதான். தீயலில் விழுகிற வத்தல்கூட போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது. இவற்றையெல்லாம் முதல் தடவை அடுப்பில் ஏற்றிய பெண்ணிடமும் 'இது எதுக்கு?' என்று யாராவது கேட்டிருப்பார்கள். அவள் நிறுத்தியிருந்தால் சாளைக் கறியைத் தொட்டுச் சாப்பிட இன்று கிழங்கு கிடையாது.

உங்கள் கடிதத்தில் மாமியார் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். கணவர் ஒரு வரியில்கூட இல்லை. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிட்டதாகத் தெரிந்தது. ஈடுபடும் ஆண்களோ 97 நிமிஷம்தான். வேலையே தொடாத ஆண்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. இரண்டு நோட்டும் மூடியே கிடப்பதற்குக் காரணம் உங்கள் கையல்ல, இந்த 299தான். ஆறு கறியையே சுற்றிச் சுற்றிச் செய்வது சோம்பலுமல்ல. விடியற்காலையில் எழுந்து, பஸ்ஸுக்கு முன் மூன்று டிபன் பாக்ஸ் கட்ட வேண்டியவர், கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடிந்ததைத்தான் செய்வார். அதனால் வாரத்தில் ஒரு நாள் ராத்திரிச் சமையலிலிருந்து உங்களை விட்டுவிடச் சொல்லுங்கள். அன்றைக்குக் கணவர் கஞ்சி காய்ச்சட்டும், பிள்ளைகள் துவையல் அரைக்கட்டும். அந்த அடுப்பில் மறு பக்கம் உங்கள் நோட்டைத் திறந்து வையுங்கள். இதை ஒரு வேண்டுகோளாக வைக்காதீர்கள். முடிவெடுத்துவிட்டு, தகவலாகச் சொல்லுங்கள்.

ஆனால் வாரம் ஒரு புதுச் சமையல் வேண்டாம். இரண்டு நோட்டிலிருந்து ஒன்றை எடுத்து, ஒரே மாதத்தில் நான்கு தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், தீயையோ உப்பையோ. நான்காவது தடவை அது உங்கள் கறியாகியிருக்கும். தீயலும் உங்களுக்கு இப்படித்தான் வந்தது, நீங்கள் எண்ணி வைக்கவில்லை, அவ்வளவுதான். சூடாக இருக்கும்போதே முதல் தட்டை நீங்கள் போட்டுக்கொண்டு உட்காருங்கள். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு ஆறிப்போனதை வழித்துச் சாப்பிடுகிறவருக்குத் தன் சமையல் எப்படி இருந்தது என்று எப்படித் தெரியும்?

இன்னொன்று. அந்த இரண்டு நோட்டிலும் உங்கள் தீயல் இருக்கிறதா? இருக்காது. தெரிந்ததை யார் எழுதுவார்கள் என்று விட்டிருப்பீர்கள். அடுத்த தடவை வறுக்கும்போது தேங்காய் எத்தனை மூடி, மல்லி எத்தனை ஸ்பூன், புளி எவ்வளவு, எந்த நிறத்தில் தட்டில் கொட்டினீர்கள் என்று அங்கேயே நின்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளோ மகனோ வெளியூரில் அறை எடுத்துத் தங்கி, ஒரு ராத்திரி போன் பண்ணி, "அம்மா, தீயலுக்கு என்னென்ன வறுக்கணும்?" என்று கேட்கப் போகிறார்கள். எழுதியதில் ஒரு படி எங்களுக்கும் அனுப்புங்கள். இதே பக்கத்தில் போடுகிறோம்.