யூ இல்லாத க்யூ: வாசகர் கேள்வி பதில்

(இப்பக்கத்தில் ஆங்கில எழுத்துகளைத் தமிழிலேயே அச்சிடுகிறோம். 'ஏ' முதலெழுத்து, 'இ' ஐந்தாவது, 'ஐ' ஒன்பதாவது எனக் கொள்க. 'டி' என வருவது டேபிளுக்குரிய டி; டாலருக்குரியதன்று.)

கேள்வி: நாற்பது ஆண்டுகள் பஞ்சாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். விடுமுறைக்கு வந்திருக்கும் மகள்வழிப் பேத்தியோடு தினமும் மாலையில், எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடுகிறேன். க்யூ காய் என் கைக்கு வந்துவிட்டால் ஆட்டம் முடியும்வரை அது என்னிடமே தங்கிவிடுகிறது. "யூ இல்லாம க்யூவே வராதுங்க அப்புச்சி" என்கிறாள் பேத்தி. அகராதியும் அவள் பக்கமே பேசுகிறது. யூ இல்லாத க்யூ சொற்கள் உண்டா? உண்டென்றால் எப்படித் தேடுவது?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: உண்டு. தங்கள் பேத்தி சொல்வது பள்ளிக்கூடத்துக்குச் சரி. ஆட்டப் பலகைக்குச் சரியன்று.

ஆல்ஃபிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1930களில் இவ்விளையாட்டை உருவாக்கியபோது, செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே காய்களைப் பங்கிட்டார். அதனால்தான் 100 காய்களில் இ 12 ஆகவும், யூ நான்காகவும், க்யூ ஒன்றே ஒன்றாகவும் இருக்கின்றன. அந்த நான்கு யூக்களும் தங்களைத் தேடி வரும் என்று காத்திருந்தால், ஆட்ட முடிவில் கையில் தேங்கிய க்யூவுக்காக 10 புள்ளிகளை இழக்க நேரிடும்.

லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொற்களில் க்யூவும் யூவும் பெரும்பாலும் பிரிவதில்லை. அரபு போன்ற மொழிகளிலிருந்து வந்தவற்றிலோ, தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் ககர ஒலியைக் காட்டுவதற்காகவே க்யூவைப் போட்டார்கள். அங்கே யூவுக்கு வேலையில்லை. இவ்வகைச் சொற்கள் நமக்குப் புதியவையும் அல்ல. பக்கீர், புர்கா, நிகாப், தலாக் ஆகிய நான்கையும் ஆங்கிலத்தில் க்யூ போட்டு எழுதலாம். பக்கீரைக் கே போட்டும் எழுதுவதுண்டு என்பதால் எதிராளி ஐயுறக்கூடும்; க்யூ போட்ட வடிவமும் செல்லும்.

இவை அகராதியில் தங்கள் கண்ணில் படாததற்குக் காரணம் எளியது. அகராதிக்குத் தலைவாசல் ஒன்றுதான். முதலெழுத்து வழியாக மட்டுமே அதனுள் நுழைய முடியும். இச்சொற்களிலோ க்யூ நடுவிலோ கடைசியிலோ ஒளிந்திருக்கிறது. நம் நினைவும் அவ்வாறே முதலெழுத்தைப் பிடித்துத்தான் சொல்லை இழுக்கிறது. ஆகவே கணக்கெழுதிப் பழகிய தங்களுக்கு நான் சொல்வது ஒரு பேரேடுதான்: ஒவ்வோர் அரிய எழுத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவ்வெழுத்து முதலில் வருவன, நடுவில் வருவன, கடைசியில் வருவன என்று மூன்று பத்தி பிரித்து, கண்ணில் படும்போதெல்லாம் பதிந்து வாருங்கள். க்யூ பக்கத்தின் முதல் வரியில் க்யூ, ஐ என்னும் ஈரெழுத்துச் சொல்லை எழுதுங்கள். உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல் அது. பலகையில் ஏற்கெனவே ஓர் ஐ இருந்து, அதற்கு நேர் மேலேயுள்ள கட்டம் எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்குவதாக இருந்தால், அங்கே க்யூவையும் அதன் வலப்பக்கத்துச் சாதாரணக் கட்டத்தில் இன்னோர் ஐயையும் வையுங்கள். குறுக்காக 31, நெடுக்காக 31, ஆக 62 புள்ளிகள். அன்று மாலை பேத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வீட்டிலுள்ள பள்ளி அகராதியில் இவற்றுள் பல இரா. எந்தச் சொற்பட்டியலை ஏற்பது என்று ஆடத் தொடங்குமுன்னரே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வட அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலும் காலின்ஸ் அகராதியின் சொற்பட்டியலையே கொள்கிறார்கள்.

கேள்வி: கையில் ஓர் உயிரெழுத்துகூட இல்லாதபோது என்ன செய்வது?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஒய் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தத்தைக் குறிக்கும் 'ரிதம்' ஆறெழுத்துச் சொல். அதில் ஐந்து உயிர்களில் ஒன்றும் கிடையாது. ஒய்யும் இல்லையென்றால், காய்களை மாற்றிக்கொள்வதே மேல்.

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். தேநீர் இடைவேளையில் தோழிகளும் நானும், மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வாய்ப்புக்குள் ஊகிக்கும் வேர்டில் ஆடுவோம். சென்ற வாரம் இரண்டாவது முயற்சியிலேயே கடைசி நான்கு எழுத்துகள் ஐ, ஜி, எச், டி என்று பச்சையாகிவிட்டன (எழுத்தும் இடமும் சரி என்பதற்கு அடையாளம்). ஆனாலும் தோற்றுப்போனேன். எங்கே பிழை?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சீக்கிரம் பச்சையானதுதான் வினை. ஜாஷ் வார்டில் 2021இல் வெளியிட்டு, 2022இல் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய இந்த விளையாட்டில் மிகப் பழைய பொறி இது. எய்ட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என அன்றாடச் சொற்கள் எட்டு அந்த வாலோடு முடிகின்றன. தங்களிடம் மீதமிருந்தவை நான்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருப்பீர்கள்.

விடையாக இருக்க முடியாது என்று தெரிந்தே ஒரு சொல்லைப் போட வேண்டிய இடம் அது. 'ஃபிலிம்ஸ்' என்று போட்டிருந்தால் எஃப், எல், எம், எஸ் நான்கும் ஒரே வரியில் சோதனைக்கு வந்துவிடும். நான்கும் விடையில் இல்லையென்று சாம்பல் நிறமாகிவிட்டால், அடுத்ததாக 'இனெர்ட்'. அதில் என், இ, ஆர் மூன்றும் இருக்கின்றன. அவையும் இல்லையென்றால் விடை 'டைட்' மட்டுமே. ஐந்தாவது வாய்ப்பில் ஆட்டம் முடிந்திருக்கும். பச்சையான எழுத்துகளை அடுத்த முயற்சியிலும் அதே இடத்தில் வைத்தே தீர வேண்டிய 'ஹார்டு மோட்' என்னும் கடின முறையில் ஆடுபவர்களுக்கு மட்டும் இவ்வழி அடைபட்டிருக்கும்.

கேள்வி: ஏழெழுத்தைத் தட்டினால் கண்ணிமைப்பதற்குள் எல்லாச் சொற்களையும் காட்டும் தளங்கள் எவ்வாறு இயங்குகின்றன?
— ஒரு மாணவர், பீளமேடு

பதில்: அவை எழுத்துகளை விதவிதமாக மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. பட்டியலிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசைப்படி அடுக்கி முன்பே ஒரு சாவி செய்து வைத்துக்கொள்ளலாம். 'ரிட்டெயின்ஸ்' என்பதன் சாவி ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி. 'நாஸ்டியர்', 'ரெட்டினாஸ்', 'ஸ்டெயினர்', கிரேக்க மதுவகையான 'ரெட்சினா' ஆகியவற்றுக்கும் அதே சாவிதான். தாங்கள் தட்டிய எழுத்துகளையும் அவ்வாறே அடுக்கியதும் அந்த அறை திறந்துகொள்கிறது.

நாம் கையால் செய்யக்கூடியது வேறு. ஈரோட்டு மண்டியில் விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் தனித்தனியே குவிப்பதுபோல உயிர்களை ஒரு பக்கமும் மெய்களை மறுபக்கமும் வைத்து, ஐ-என்-ஜி, இ-ஆர் போன்ற ஈறு ஏதேனும் அமைகிறதா என்று முதலில் பார்ப்பது. ஏழு காய்களையும் ஒருசேர இறக்கினால் 50 புள்ளி கூடுதல். தளங்களை ஆட்டம் முடிந்தபின் பாருங்கள். ஆடும்போதே திறப்பது, பல்லாங்குழியில் எதிராளி பார்க்காதபோது அவர் குழியிலிருந்து முத்தெடுப்பதற்குச் சமம்.

கேள்வி: ஸ்கிராபிளில் இட்லி செல்லுமா?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: செல்லும், தோசையும் செல்லும். இரண்டுக்கும் ஒரே விலை, ஐந்து புள்ளி. நம் அரிசிம்பருப்புச் சாதம்தான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. தோசையை அவர்கள் 'தோசா' என்று நான்கெழுத்தில் எழுதுகிறார்கள். அதைப் பன்மையாக்க எஸ் காய் கையில் இல்லையென்றால், கடைசியில் ஓர் ஐ சேர்த்துத் 'தோசை' என்றே நீட்டிவிடலாம். நாம் ஒன்றுக்குச் சொல்வது அவர்கள் கணக்கில் பலவாம்.