திட இயக்கவியலில் போதிய அளவு பேசப்படாத கணிதவியலாளர் யார்?

என் பதில் ஹில்டா கைரிங்கர். பிளாஸ்டிசிட்டி (உலோகம் போன்றவை விசைக்கு உட்பட்டு நிரந்தரமாக உருமாறுவது பற்றிய துறை) படித்த பலருக்கும் கைரிங்கர் சமன்பாடுகள் தெரியும், ஆளைத் தெரியாது. நான் படித்த பாடப்புத்தகத்திலும் அந்தப் பெயர் சமன்பாட்டு எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததோடு சரி.

அடி தட்டையான ஒரு பஞ்ச்சை, அதாவது அழுத்தும் கருவியை, உலோகத்தின் மேல் வைத்து அழுத்துகிறோம். எவ்வளவு அழுத்தினால் உலோகம் நிரந்தரமாக உருமாறி ஓடத் தொடங்கும்? வெட்டு வலிமையைப் (சறுக்கலை உலோகம் தாங்கும் அளவு) போல சுமார் 5.14 மடங்கு என்று 1920இல் பிராண்டில் காட்டினார். உலோகம் சறுக்கும் கோடுகளான ஸ்லிப் லைன்களை ஒட்டித் தகைவு (உள்ளே பரப்பளவுக்கு இவ்வளவு என்று வரும் விசை) எப்படி மாறும் என்பதை 1923இல் ஹென்க்கி எழுதினார். சரி, உலோகம் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் நகரும்? அதற்குத்தான் 1930இல் கைரிங்கர் இரண்டே வரிச் சமன்பாடுகள் கொடுத்தார். ஸ்லிப் லைன் நெடுக உலோகம் நீளாது, சுருங்காது; நடப்பதெல்லாம் சறுக்கல் மட்டுமே. அவை சொல்வது இவ்வளவுதான். பின்னாளில் ராட்னி ஹில் அதே பஞ்ச்சுக்கு இன்னொரு தீர்வு தந்தார். அழுத்தம் அதே 5.14, ஓட்டம் மட்டும் வேறு. சுமையை மட்டும் அளந்தால் இரண்டில் எது நடந்தது என்று சொல்ல முடியாது, வேகத்தைப் பார்த்தாக வேண்டும்.

கைரிங்கர் வியன்னாவில் 1893இல் பிறந்தவர். 1921 முதல் பெர்லினில் ரிச்சர்ட் வான் மீசஸின் உதவியாளர் (பொறியாளர்கள் வடிவமைப்பைச் சோதிக்கும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் 'வான் மீசஸ் தகைவு' என்று வருகிறதே, அவரேதான்). யூதர் என்பதால் 1933இல் வேலை போனது. பிரஸ்ஸல்ஸ், பிறகு இஸ்தான்புல். அங்கே துருக்கிய மொழி கற்று அதிலேயே பாடம் நடத்தினார். 1939இல் மகளோடு அமெரிக்கா போனார். 1943இல் வான் மீசஸைத் திருமணம் செய்துகொண்டார்.

அமெரிக்காவில் நடந்ததுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. இப்படிப்பட்டவருக்கு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் எதிலும் நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1944 முதல் மாசசூசெட்ஸில் உள்ள வீட்டன் என்ற, அப்போது பெண்களுக்கு மட்டுமாக இருந்த சிறிய கல்லூரியில் கணிதத் துறைத் தலைவர். பாடம் நடத்தியது போக மிஞ்சிய நேரத்தில்தான் ஆராய்ச்சி. 1953இல் கணவர் இறந்த பிறகு அவருடைய எழுத்துகளைத் தொகுத்துப் பதிப்பிக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. பெர்லினிலிருந்து எமெரிட்டஸ் (ஓய்வுபெற்றவருக்குத் தரும் கௌரவ) பேராசிரியர் பட்டமும் முழுச் சம்பளமும் வந்தது 1956இல். அப்புறமும் அவர் ஓயவில்லை. 1958இல் ஃபிராய்டென்தாலுடன் சேர்ந்து பிளாஸ்டிசிட்டி பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1973இல் சான்டா பார்பராவில் காலமானார்.