நகையை அடகு வைத்து சைபர் செக்யூரிட்டி படிக்கலாமா?

கேள்வி: பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சைபர் செக்யூரிட்டி துறைக்கு மாற ஆசை. எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் முன் அனுபவம் கேட்கிறார்கள். ஒரு பயிற்சி நிலையம், ஒன்றரை லட்சம் கட்டினால் வேலை உறுதி என்கிறது. நகையை அடகு வைத்துச் சேரலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நகையைத் தொடாதீர்கள். வேலை உறுதி என்பவர்களிடம், எந்த நிறுவனத்தில், என்ன சம்பளத்தில், கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அனுபவம் இல்லை என்று நீங்கள் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. 1986-இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கணினிப் பயன்பாட்டுக் கணக்கு 75 சென்ட் உதைத்தது. அதைப் பார்க்கும் வேலை கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளரிடம் வந்தது. சில்லறைதானே என்று விடாமல் அவர் துருவிக்கொண்டே போனார். மேற்கு ஜெர்மனியிலிருந்து அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் நுழைந்து, சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்ற கூட்டம் அதில்தான் சிக்கியது. கணக்கு இடித்தால் வவுச்சர் வவுச்சராகப் புரட்டுகிறவர் நீங்கள். அந்தக் குணத்தை எந்தப் பயிற்சி நிலையமும் விற்பதில்லை.

இந்தத் துறை ஹேக்கிங் மட்டும் அல்ல. தகவல் பாதுகாப்புத் தணிக்கை என்று ஒரு பெரிய பிரிவு இருக்கிறது. உங்களுக்கு மிக அருகிலுள்ள வாசல் அதுதான். தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 27001-இன் 2022 பதிப்பில் 93 பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் உள்ளன. தணிக்கையில் பார்ப்பவற்றுள் ஒன்றைச் சொல்கிறேன்: வேலையை விட்டுப் போனவர்களின் பயனர் கணக்குகள் மூடப்பட்டனவா? ஹெச்.ஆர். பிரிவிடம் விலகியவர்கள் பட்டியலை வாங்க வேண்டும், ஐ.டி. பிரிவிடம் இயங்கும் கணக்குகளின் பட்டியலை வாங்க வேண்டும். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். மார்ச்சில் விலகியவரின் கணக்கில் ஜூனில் யாரோ நுழைந்திருந்தால், அங்கே பிடிக்க வேண்டும். பேங்க் பாஸ்புக்கையும் லெட்ஜரையும் வைத்து நீங்கள் அன்றாடம் செய்கிற வேலைதான் இது.

அதற்காகத் தொழில்நுட்பத்தை ஒதுக்கிவிட முடியாது. நெட்வொர்க், லினக்ஸ் என்ற இயங்குதளம் ஆகியவற்றின் அடிப்படைகளை இலவசமாகவே கற்கலாம். ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்கள் இருக்கின்றன. ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்க உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, அதில் உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை) ஓடும் இரண்டு இயந்திரங்களை நிறுவுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எஸ்.எஸ்.ஹெச். (நெட்வொர்க் மூலம் இன்னொரு கணினிக்குள் நுழையும் முறை) வழியாகத் தவறான கடவுச்சொல்லைப் பலமுறை கொடுத்துவிட்டு, கடைசியில் சரியானதைக் கொடுங்கள். பிறகு, நீங்கள் நுழைந்த அந்த இரண்டாவது இயந்திரத்தில், நுழைவு முயற்சிகள் பதிவாகும் ஆத்.லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். ‘ஃபெயில்டு பாஸ்வேர்டு’ என்று வரிசையாக வந்து, திடீரென ‘அக்செப்டட் பாஸ்வேர்டு’ என்று ஒரு வரி நிற்கும். எந்த முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை முறை, இதை எப்படித் தடுத்திருக்கலாம் என்று ஒரு பக்க அறிக்கை எழுதுங்கள். இப்படி ஐந்தாறு அறிக்கைகள் கையில் இருந்தால், நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட அவை அதிகம் பேசும்.

சோதனையெல்லாம் உங்கள் இயந்திரங்களிலேயே இருக்கட்டும். பழகிப் பார்க்கிறேன் என்று அனுமதியின்றி அடுத்தவர் கணினியிலோ இணையதளத்திலோ கைவைத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் கண்காணிப்பு மையங்களில் அனலிஸ்ட் வேலையும் உண்டு. அதில் பெரும்பாலும் இரவு ஷிஃப்டும் வரும். வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இப்போதைய வேலையை விடாமலே தயாராகுங்கள். உங்கள் ஆடிட்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். சிஸ்டம் ஆடிட், அதாவது கணினி அமைப்புகளின் தணிக்கை, செய்யும் நிறுவனங்கள் அவருக்குத் தெரிந்திருக்கும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், அங்கீகாரம் பெற்ற தகவல் பாதுகாப்புத் தணிக்கை நிறுவனங்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கிறது. அதில் சென்னை, கோவை, பெங்களூரு நிறுவனங்களைக் குறித்துக்கொண்டு, பயிற்சி நிலைப் பணி கேட்டு எழுதுங்கள். விண்ணப்பத்தின் முதல் வரியில் ‘மூன்றாண்டு தணிக்கை அனுபவம்’ என்று போடுங்கள். உங்கள் அறிக்கைகளில் சிறந்த இரண்டை அதோடு இணைத்து அனுப்புங்கள்.