காலைப் பூட்டும் பெடலும் கண்மாய்க்கரைக் கூட்டமும்

கேள்வி: வண்டியூர்க் கண்மாய்க் கரையில் நடப்பவர்கள் திடீரென்று குறுக்கே திரும்பும்போது, சைக்கிளின் கிளிப்லெஸ் பெடலிலிருந்து (காலணியைப் பூட்டிக்கொள்ளும் பெடல்) காலை எடுப்பதற்குள் விழுந்துவிடுகிறேன். என்ன செய்வது?

பதில்: கூட்டம் கண்ணில் பட்டவுடனேயே இடது காலை விடுவித்துவிடுங்கள். காலணியின் அடியிலுள்ள கிளீட் என்ற பூட்டுத் துண்டைப் பெடலின் ஸ்பிரிங் கவ்வியிருப்பதால், குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால்தான் அது விடும். பதற்றத்தில் நாம் காலை மேலே இழுப்பதால்தான் விழுகிறோம். விடுவித்த காலின் நடுப்பாதத்தைப் பெடல்மீது வைத்து மெதுவாக மிதித்தால், கிளீட் தானாகப் பூட்டிக்கொள்ளாது. நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, உடலை இடப்பக்கம் சாய்த்துக் காலூன்றுங்கள். இடது காலை எடுத்துவிட்டு வலப்பக்கம் சாய்ந்து விழுபவர்களே அதிகம் என்பது என் அனுபவம். வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாள்தோறும் முப்பது முறை பூட்டித் திறந்து பழகுங்கள்.

கேள்வி: புதிய எஸ்.பி.டி. பெடல் (ஷிமானோ நிறுவனத்தின் கிளிப்லெஸ் வகை) மிகவும் இறுக்கமாக இருக்கிறது. தளர்த்தலாமா?

பதில்: தாராளமாகத் தளர்த்தலாம். பெரும்பாலும் 3 மி.மீ. ஆலன் கீ (அறுகோணத் திருகுச்சாவி) போதும்; பெடலின் ஸ்பிரிங் இறுக்கத் திருகைக் கழித்தல் குறியுள்ள திசையில் திருப்புங்கள். இருபுறமும் பூட்டும் பெடல்களில் மொத்தம் நான்கு திருகுகள் உண்டு. நான்கையும் ஒரே அளவில் வையுங்கள். ஷிமானோவின் எஸ்.எச்.56 கிளீட் சற்று மேல்நோக்கி இழுத்தாலும் விடுவதால், புதியவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: குதிகாலைத் திருப்பியும் கால் வரவில்லையே, ஏன்?

பதில்: கிளீட் திருகுகளில் ஒன்று கழன்று விழுந்திருக்கலாம். கீழக்குயில்குடி சமணர் மலையடிவாரத்தில் எனக்கே அது நேர்ந்தது: காலணி திரும்பியது, கிளீட் மட்டும் பெடலிலேயே நின்றது. ஆலமரத்தைப் பிடித்து நின்று, காலணியின் பட்டையை அவிழ்த்துக் காலை வெளியே எடுத்தேன். அன்றுமுதல் வாரந்தோறும் 4 மி.மீ. ஆலன் கீயால் இரண்டு திருகுகளையும் இறுக்கிப் பார்க்கிறேன், நீங்களும் பாருங்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் சேறு அப்பினாலும் இதே சிக்கல் வரும் என்பதால், நடந்து வந்த காலணியைக் குச்சியால் சுரண்டிய பிறகே ஏறுங்கள்.

கேள்வி: பௌர்ணமியன்று திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் இந்தப் பெடலுடன் செல்லலாமா?

பதில்: வேண்டாம். குழந்தைகளும் முதியவர்களும் வெறுங்காலில் நடக்கும் பாதையில் இறங்கித் தள்ளிக்கொண்டு செல்லுங்கள்; சித்திரையில் அழகர்கோவில் சாலையிலும் அப்படியே.